பாட்டனாரின் கையெழுத்து

கள்ளக்குறிச்சி மாவட்டம், உளுந்தூர்ப்பேட்டை வட்டத்திலுள்ள திருநாவலூர், தமிழிலக்கியம் படித்தோர் அனைவரும் அறிந்த ஊர். சைவ சமயக் குரவர் நால்வருள் ஒருவரான சுந்தரர் பிறந்த மண் அது. 12ஆம் நூற்றாண்டில் பெரிய புராணம் பாடிய சேக்கிழார், சுந்தரர் வரலாற்றின் தொடக்கத்திலேயே ஒரு வழக்கை வைக்கிறார். புத்தூரில் மணப்பந்தல்; மணக்கோலத்தில் நம்பியாரூரர். அவ்வேளையில் முதியவர் ஒருவர் வந்து நின்று, இந்த மணமகன் தமக்கு அடிமை என்கிறார். ஆதாரம் என்னவென்று கேட்டால், மணமகனின் பாட்டனார் எழுதிக் கொடுத்த ஓலை தம் கையில் இருப்பதாகச் சொல்கிறார். சினங்கொண்ட இளைஞர் அவ்வோலையைப் பறித்துக் கிழித்தெறிகிறார். கிழிபட்டது படியோலைதான், மூல ஓலை தம்மிடம் பத்திரமாக இருக்கிறது என்கிறார் முதியவர். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது.

அவையோர் எளிதில் தீர்ப்புச் சொல்லிவிடவில்லை. அந்தணர் ஒருவர் மற்றோர் அந்தணருக்கு அடிமையாவது உலக வழக்கில் இல்லையே என்று ஐயுறுகின்றனர். ஆட்சி, ஆவணம், அயலார் சாட்சி ஆகிய மூன்றில் ஒன்றையேனும் காட்டுமாறு கேட்கின்றனர். மூல ஓலை வருகிறது. அதே பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து இரண்டையும் ஒப்பு நோக்குகின்றனர். எழுத்து ஒத்திருக்கிறது. நம்பியாரூரர் தோற்றார் என்பது தீர்ப்பு.

சைவப் பெருமக்கள் இதனை இறைவன் தம் அடியாரை ஆட்கொண்ட அருட்செயலாகப் போற்றுகின்றனர். அந்த நம்பிக்கைக்குள் நாம் புகவில்லை. அவ்வழக்கில் பொதிந்துள்ள ஓர் உலகியல் உண்மையை மட்டும் எடுத்துக்கொள்வோம். பாட்டனார் இசைந்து எழுதியது பேரனைக் கட்டுமா என்று அந்த அவையில் எவரும் கேட்கவில்லை; எழுதியது அவர்தாமா என்று மட்டுமே ஆராய்ந்தனர். மறைந்துபோன பாட்டனாரின் கையெழுத்து, ஒரு பேரனின் வாழ்க்கையைத் திருமணப் பந்தலில் வந்து தடுத்து நிறுத்தும் வல்லமை உடையது என்பது அச்சமுதாயம் ஐயமின்றி ஏற்றுக்கொண்ட ஒன்று.

நம் சமுதாயத்துப் பாட்டனார்களைப் பார்த்து நான் கேட்க விரும்பும் கேள்வி இதிலிருந்தே பிறக்கிறது. திருநாவலூர்ப் பாட்டனார் பேரனைக் கட்டுவதற்கு ஓலை எழுதினார். உங்கள் பேரனைக் காப்பதற்கு நீங்கள் எழுதிய தாள் எங்கே?

பெயரைக் கொடுத்தால் போதுமா?

பேரன் என்னும் சொல்லே பெயரன் என்பதன் திரிபு. பாட்டனாரின் பெயரைத் தாங்குபவன் பெயரன். சுந்தரருக்கும் அவர் பாட்டனாருக்கும் ஆரூரர் என்பதே பெயர். இந்த வழக்கம் நம் வீடுகளிலும் உண்டு. தாதா என்றும் நன்னா என்றும் அப்பா என்றும் ஊருக்கு ஊர் அழைக்கும் முறை மாறினாலும், பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இட்டு மகிழாத குடும்பம் அரிது. பேரன் பிறப்பதே ஒரு நற்செய்திதான். திருமறையின் 11ஆம் அத்தியாயத்தில் இப்ராஹீம் நபியின் மனைவியாருக்கு இறைவன் நன்மாராயம் அனுப்பும்போது, மகன் இஸ்ஹாக்கைப் பற்றி மட்டும் சொல்லி நிறுத்தவில்லை; அவருக்குப் பின் வரவிருக்கும் யஃகூபையும் சேர்த்தே சொல்கிறான். முதிய வயதுத் தாய்க்கு மகனும் பேரனும் ஒரே மூச்சில் வாக்களிக்கப்படுகின்றனர்.

பெயர் சூட்டியாயிற்று, அகீகா கொடுத்தாயிற்று. பிறகு பாட்டனாரின் வேலை என்ன? இங்கேதான் நம்மவர்கள் இரு வேறு தவறான வழிகளில் பிரிகின்றனர். ஒரு சாரார், தம் கடமை முடிந்தது என்று தஸ்பீஹ் மணியோடு திண்ணையின் மூலைக்குப் போய்விடுகின்றனர். மற்றொரு சாரார், வீட்டுச் சாவிக்கொத்தை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டு, மகன் தன் பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, மருமகள் எந்த நேரத்தில் பால் கொடுப்பது என்பதுவரை ஆணையிட்டுக் கொண்டிருக்கின்றனர். முன்னவரால் வீட்டுக்குப் பயனில்லை. பின்னவரால் வீட்டில் அமைதியில்லை. இருவருமே மார்க்கம் பாட்டனாருக்கென்று வகுத்துத் தந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கின்றனர்.

அந்த இடம் எது? தகப்பன் இருக்கும்வரை பிள்ளைக்குப் பொறுப்பாளன் தகப்பனே. அங்கே பாட்டனார் அன்பு காட்டலாம். ஆணை செலுத்தத் தேவையில்லை. தகப்பன் இறந்துவிட்டால் நிலைமை அடியோடு மாறுகிறது. நம் ஃபிக்ஹு நூல்களின்படி, தகப்பனோ தகப்பன் நியமித்த பொறுப்பாளரோ இல்லாதபோது சிறுவனின் சொத்துக்கு வலியாக நிற்பவர் தகப்பன் வழிப் பாட்டனார். பேத்தியின் நிக்காஹ்வில் தகப்பனுக்கு அடுத்த வலியும் அவரே. அநாதையாகிவிட்ட பேரப்பிள்ளைகளுக்குச் சொத்து இல்லையென்றால் உணவும் உடையும் கொடுக்கும் கடமை வசதியுள்ள பாட்டனார் மீது விழுகிறது. ஆகவே பாட்டனார் என்பவர் தகப்பனுக்கு அடுத்த வரிசையில் நிறுத்தப்பட்ட காவலர். காவலரின் தகுதி, காவல் தேவைப்படும் நாளில்தான் தெரியும்.

அப்துல் முத்தலிபின் விரிப்பு

அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பாட்டனாரின் வீட்டில் வளர்ந்தவர்கள் என்பதை நாம் மீலாது மேடைகளில் ஆண்டுதோறும் சொல்கிறோம். அதன் பொருளைச் சிந்திக்கிறோமா? தகப்பனார் அப்துல்லாஹ், தம் தந்தை அப்துல் முத்தலிபு உயிரோடு இருக்கும்போதே காலமானார். அதாவது அண்ணலார், பாட்டனாருக்கு முன்னால் மாண்டுபோன மகனின் பிள்ளை. அப்பிள்ளைக்கு முஹம்மது என்று பெயரிட்டவர் பாட்டனார். 6 வயதில் தாயார் ஆமினாவையும் இழந்த சிறுவரை அணைத்துக்கொண்டவரும் அவரே.

கஅபாவின் நிழலில் அப்துல் முத்தலிபுக்கென்று ஒரு விரிப்பு போடப்படும். அவருடைய மைந்தர்களே மரியாதை கருதி அதில் அமர மாட்டார்கள், சுற்றி அமர்வார்கள். சிறுவர் முஹம்மது நேரே சென்று அதில் அமர்ந்துவிடுவார். பெரிய தந்தையரும் சிறிய தந்தையரும் அவரை விலக்க முற்படும்போது, பாட்டனார் தடுத்துத் தம் அருகிலேயே இருத்திக்கொள்வார். சீறா நூல்கள் தவறாமல் சொல்லும் செய்தி இது.

பலரும் இக்காட்சியில் பாட்டனாரின் பாசத்தை மட்டுமே காண்கின்றனர். பாசத்தோடு ஒரு தீர்ப்பும் அதில் இருக்கிறது. தகப்பனில்லாத பிள்ளையின் இடத்தைப் பிள்ளையின் உறவினர்கள் முடிவு செய்ய அவர் விடவில்லை. அவர்கள் கண் முன்னாலேயே அந்த இடத்தை அவர் நிறுவினார். தாம் மறையும் காலம் நெருங்கியபோதும் அதை நல்ல மனங்களின் போக்குக்கு விட்டுவிடவில்லை. மைந்தர் பலர் இருக்க, அப்துல்லாஹ்வோடு ஒரே தாய் வயிற்றில் பிறந்த அபூதாலிபைத் தேர்ந்தெடுத்து, 8 வயதுப் பேரரை அவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். அபூதாலிபு பெருஞ்செல்வர் அல்லர். ஆயினும் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பை இறுதி மூச்சுவரை சுமந்தார். கண்மூடுமுன் பேரனுக்கு ஏற்பாடு செய்த பாட்டனார் அவர். அவரைப் புகழும் நாம் அவர் செய்ததைச் செய்கிறோமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வாரிசுரிமைச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. நெருங்கிய உறவு இருக்கும்போது தொலைவான உறவுக்குப் பங்கில்லை. மகன் ஒருவன் உயிரோடு இருந்தால், முன்பே இறந்துபோன மற்றொரு மகனின் பிள்ளைகளுக்குப் பாட்டனார் சொத்தில் வாரிசுப் பங்கு கிடையாது. வாரிசுரிமை என்பது உடையவர் இறக்கும் கணத்தில்தான் பிறக்கிறது; அக்கணத்தில் உயிரோடு இல்லாத மகனுக்கு எதுவும் வந்து சேர்ந்திருக்கவில்லை, ஆகவே அவன் வழியாக எதுவும் இறங்குவதில்லை என்பது விதியின் நியாயம். உயிரோடிருக்கும் மகன் எவருமே இல்லாவிட்டால் மகனின் மகன் அந்த இடத்துக்கு வருகிறான். மாண்டுபோன மகளின் பிள்ளைகளோ இன்னும் தொலைவில் நிற்கின்றனர்.

ஒரு கணக்குப் போடுவோம். மனைவியை இழந்த ஒருவருக்கு 15 ஏக்கர் நிலம். இரண்டு மகன்கள், ஒரு மகள். மூவரும் இருந்திருந்தால் மகன்களுக்கு ஆளுக்கு 6 ஏக்கர், மகளுக்கு 3 ஏக்கர். மூத்த மகன் தகப்பனாருக்கு முன்பே இறந்துவிட்டான்; அவனுக்கு இரண்டு சிறுவர்கள். தகப்பனார் எதுவும் எழுதாமல் இறந்தால், இளைய மகனுக்கு 10 ஏக்கர். மகளுக்கு 5 ஏக்கர். சிறுவர்களுக்கு ஒரு சென்டும் இல்லை.

இதே பாட்டனார், மார்க்கம் அனுமதித்த மூன்றில் ஒரு பங்கை அச்சிறுவர்களுக்கு வஸிய்யத்தாக எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். சிறுவர்களுக்கு 5 ஏக்கர் போகிறது. மீதி 10 ஏக்கரில் இளைய மகனுக்கு ஆறேமுக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவாகவும், மகளுக்கு மூன்றேகால் ஏக்கருக்குச் சற்று மேலாகவும் கிடைக்கும். அண்ணன் உயிரோடு இருந்திருந்தால் தம்பிக்குக் கிடைத்திருக்கக்கூடியது 6 ஏக்கர்தான்; தங்கைக்கு 3 ஏக்கர்தான். அப்படியானால் வஸிய்யத் எழுதியதால் யாருக்கு நஷ்டம்? எழுதிய பிறகும் தம்பிக்கும் தங்கைக்கும் முன்னைவிடக் கூடுதலாகவே கிடைக்கிறது. எழுதாமல் விட்டால், தம்பிக்குக் கிடைக்கும் மிச்ச ஏக்கர்கள் அண்ணனின் மரணத்தால் வந்த ஆதாயம்.

இதைவிடக் கொடுமையான நிலை ஒன்று நம் ஊர்களில் இருக்கிறது. வளைகுடா நாட்டில் வெயிலில் உழைக்கும் மகன் மாதந்தோறும் பணம் அனுப்புகிறான். அப்பணத்தில் இங்கே நிலம் வாங்கப்படுகிறது, வீடு கட்டப்படுகிறது. பத்திரம் யார் பெயரில்? மரியாதை கருதித் தகப்பனார் பெயரில். மகன் அங்கேயே மௌத்தாகிவிட்டால், அவன் வியர்வையில் விளைந்த நிலம் தகப்பனாருக்குப் பின் அவன் உடன்பிறந்தோருக்குப் போகிறது. அவன் மனைவி இத்தா முடித்துப் பிள்ளைகளோடு தாய்வீட்டுக்குப் போகிறாள். ஊரும், சட்டம் அப்படித்தான் என்று சொல்லிக் கைகழுவிவிடுகிறது.

சாக்குகளும் விடைகளும்

மார்க்கம் கொடுக்காததை நான் ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. மார்க்கத்தின் பாதியைப் படித்தவர்களின் கேள்வி இது. திருமறையின் 2ஆம் அத்தியாயம் 180ஆம் வசனம், மரணம் நெருங்கும்போது செல்வம் விட்டுச் செல்பவர் பெற்றோருக்கும் நெருங்கிய உறவினருக்கும் வஸிய்யத் செய்வதை விதிக்கிறது. பங்குகளை வகுக்கும் வசனங்கள் அருளப்பட்ட பிறகு, பங்கு பெறும் வாரிசுகளுக்கு வஸிய்யத் இல்லை என்றாயிற்று. பங்கு பெறாத உறவினர் விஷயத்தில் வஸிய்யத் செய்வது விரும்பத்தக்கது என்பது இமாம்களில் பெரும்பாலோர் கருத்து; அது கட்டாயக் கடமையே என்று இப்னு ஹஸ்ம் போன்றோர் வாதிட்டனர். விரும்பத்தக்கது என்பவரும் கடமை என்பவரும் உண்டு. வேண்டாதது என்று சொன்னவர் எவருமில்லை. பங்குகளை வகுக்கும் 4ஆம் அத்தியாயத்தின் 11, 12ஆம் வசனங்களைப் பாருங்கள். வஸிய்யத்தும் கடனும் போக மீதியில்தான் பங்கு என்ற நிபந்தனை அங்கே நான்கு முறை வருகிறது. நான்கு முறை சொல்லப்பட்ட ஒன்றை ஒரு முறைகூட நினைக்காமல் பங்கு பிரிப்பது எந்த மார்க்கம்?

அதே அத்தியாயத்தின் 8ஆம் வசனம், பங்கு பிரிக்கும் இடத்தில் பங்கில்லாத உறவினரும் அநாதைகளும் ஏழைகளும் வந்திருந்தால் அவர்களுக்கும் அதிலிருந்து கொடுக்கச் சொல்கிறது. அடுத்த வசனம், தம் பிள்ளைகளைப் பலவீனர்களாக விட்டுச் செல்ல நேர்ந்தால் எப்படி அஞ்சுவார்களோ அப்படி அஞ்சிக்கொள்ளட்டும் என்று எச்சரிக்கிறது. அதற்கும் அடுத்தது, அநாதைகளின் சொத்தை அநியாயமாக உண்பவர்கள் வயிற்றில் நெருப்பை நிரப்புகிறார்கள் என்கிறது. இம்மூன்றும் வரிசையாக வந்த பிறகே பங்குக் கணக்கு தொடங்குகிறது. நாமோ கணக்கை மனப்பாடம் செய்துகொண்டு முன்னுரையை மறந்துவிட்டோம்.

சித்தப்பா பார்த்துக்கொள்வார் என்பது இரண்டாவது சாக்கு. பார்த்துக்கொள்ளும் சித்தப்பாக்கள் உண்டு. அவர்களுக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. ஆனால் ஒரு பிள்ளை பிறர் தயவில் வளர்வதற்கும் தன் உரிமையில் வளர்வதற்கும் வேறுபாடு இல்லையா? பள்ளிக் கட்டணத்துக்காக ஒவ்வோர் ஆண்டும் சித்தப்பாவின் வாசலில் நின்று, சித்தியின் முகம் பார்த்து நடக்கும் சிறுவனிடம் கேட்டுப் பாருங்கள். சித்தப்பாவுக்கும் நாளை சொந்தப் பிள்ளைகளின் திருமணம் வரும், கடன் வரும், மறதியும் வரும். பேரனின் பங்கை எழுதி வைப்பதால் சித்தப்பாவின் நல்லெண்ணம் குறைந்துவிடாது. அதன் சுமை வேண்டுமானால் குறையும்.

இப்போதே எழுதிவிட்டால் பிள்ளைகள் என்னை மதிக்க மாட்டார்கள் என்று அஞ்சுவோரும் உண்டு. வஸிய்யத்தின் தன்மையை அறியாததால் வரும் அச்சம் இது. வஸிய்யத் எழுதியவர் இறந்த பிறகே நடைமுறைக்கு வருகிறது. அதுவரை நிலமும் வீடும் அவருடையவையே. விற்கலாம், மாற்றி எழுதலாம், ரத்தும் செய்யலாம். கையைவிட்டு ஒரு பிடி மண்ணும் போவதில்லை.

வாயால் சொல்லிவிட்டேன், அது போதும் என்பவர்களுக்கு ஒரு சொல். வாய்மொழி வஸிய்யத்தும் செல்லும் என்பது உண்மைதான். ஆனால் சொன்னவர் மண்ணுக்குள் போன பிறகு, சொன்னதை மெய்ப்பிக்கும் பாரம் வாய் பேசத் தெரியாத பிள்ளைகளின் தலையில் விழுகிறது. திருவெண்ணெய்நல்லூர் அவை என்ன கேட்டது? ஆட்சி, ஆவணம், சாட்சி. இன்றைய நீதிமன்றமும் அவற்றைத்தான் கேட்கும். வஸிய்யத் செய்யும்போது நீதியுள்ள இருவரைச் சாட்சியாக்குமாறு 5ஆம் அத்தியாயம் 106ஆம் வசனம் கூறுகிறது. எழுதத்தக்க பொருள் உள்ள முஸ்லிம், வஸிய்யத்தை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகள் கழிப்பது தகாது என்பது நபிமொழி. அதைக் கேட்ட நாள் முதல், வஸிய்யத் தம்மிடம் இல்லாமல் ஓர் இரவும் கழிந்ததில்லை என்று இப்னு உமர் (ரலி) அவர்கள் கூறியிருக்கின்றார்கள். நம்மில் எத்தனை இரவுகள் கழிந்துவிட்டன!

நமக்கு எழுதத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மகளுக்குத் திருமணத்தின்போது வீடு கொடுக்கும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருந்துவருகிறது. ஈழத்தின் கிழக்குக் கரையில் காத்தான்குடி போன்ற ஊர்களிலும் அவ்வாறே. மருமகன் வீட்டார் கேட்டால் எழுதிக் கொடுக்கத் தெரிந்த கைக்கு, கேட்பதற்கு நாதியற்ற பேரனுக்கு எழுதும்போது மட்டும் ஏன் நடுக்கம்?

நன்னியின் இடம்

பாட்டனாரையே பேசிப் பாட்டியாரை விட்டுவிடலாகாது. பாட்டி ஒருவர் கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்களிடம் வந்து பேரன் சொத்தில் தமக்குரிய பங்கைக் கேட்டார். அதுபற்றித் தமக்குத் தெரியவில்லை என்று கலீஃபா பிறரை விசாரித்தார்கள். நபிகளார் பாட்டிக்கு ஆறில் ஒரு பங்கு கொடுத்ததை முகீரா (ரலி) அவர்கள் சாட்சி சொல்ல, முஹம்மது இப்னு மஸ்லமா (ரலி) அவர்கள் உறுதி செய்ய, அப்பங்கு வழங்கப்பட்டது. துணிந்து வந்து கேட்ட ஒரு மூதாட்டியால் எல்லாப் பாட்டிமார்களுக்கும் உரிமை துலங்கிற்று.

பிள்ளையை வளர்க்கும் உரிமையிலும் பாட்டியாருக்கு உயர்ந்த இடம் உண்டு. ஹனஃபி நூல்களின்படி தாய் இல்லாதபோது குழந்தையை வளர்க்கும் முதல் உரிமை தாயின் தாய்க்கு. அடுத்துத் தகப்பனின் தாய்க்கு. நன்னியின் மடி வெறும் கதை கேட்கும் இடமன்று. சட்டம் அங்கீகரித்த புகலிடம். இந்த உரிமை உடையவர்கள் வாயடைத்து இருக்கலாமா? மாண்டுபோன மகனின் மனைவியை நோக்கிக் குறைசொல்லும் தாதிமார்கள், தம் கணவரை நோக்கி ஒரு கேள்வி கேட்கட்டும்: நம் பிள்ளையின் பிள்ளைகளுக்கு என்ன எழுதி வைத்தீர்கள் என்று. தமக்கென்று நகையோ நிலமோ உடைய பாட்டிமார்கள் தாமும் எழுதட்டும். மூன்றில் ஒரு பங்கு எழுதும் உரிமை ஆணுக்கு மட்டும் உரியதன்று.

சட்டம் வரும் என்று காத்திருக்கலாமா?

உலக முஸ்லிம் நாடுகள் சில, இந்தக் குறையைச் சட்டத்தால் தீர்க்க முனைந்துள்ளன. எகிப்து 1946இல் இயற்றிய சட்டத்தின்படி, பாட்டனார் எழுதத் தவறினாலும், அநாதைப் பேரப்பிள்ளைகளுக்கு அவர்களுடைய தகப்பனுக்குரிய பங்கு, மூன்றில் ஒன்றுக்கு மேற்படாமல், கட்டாய வஸிய்யத்தாகக் கொடுக்கப்படும். சிரியா 1953இல் அவ்வழியில் சென்றது, மொராக்கோவும் பின்தொடர்ந்தது. பாகிஸ்தான் 1961இல் வேறு வழியைக் கையாண்டு, இறந்த பிள்ளையின் பங்கை அப்பிள்ளையின் மக்கள் நேரடியாகப் பெறுமாறு செய்தது. பங்களாதேஷ் பிரிந்த பிறகும் அதையே வைத்துக்கொண்டது. பாகிஸ்தானின் முறை வாரிசுரிமையின் அமைப்பையே மாற்றுகிறது என்று உலமாக்கள் பலர் எதிர்த்தனர். எகிப்தின் முறை வஸிய்யத்தின் வழியாகச் செல்வதால் அதற்கு அந்த அளவு எதிர்ப்பு எழவில்லை.

நம் நாட்டில் 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் இருக்கிறது. 1949இல் சென்னை மாகாணத்தில் செய்யப்பட்ட திருத்தத்தால் விவசாய நிலமும் அதற்குள் வந்தது. ஆனால் கட்டாய வஸிய்யத்து என்பது தமிழ்நாட்டில் இல்லை. இதைச் சுட்டிக்காட்டி, முஸ்லிம் சட்டம் அநாதைக்கு இரக்கமில்லாதது என்று வெளியார் பேசுகின்றனர். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் இறந்த மகனின் மக்களுக்கு முதல் வரிசையில் இடம் உண்டே என்றும் கேட்கின்றனர். அவர்களுக்கு நாம் என்ன விடை சொல்கிறோம்? எங்கள் மார்க்கத்தில் வஸிய்யத் இருக்கிறது என்று மேடையில் முழங்குகிறோம். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால் வஸிய்யத் இல்லை. வெளியாரின் குற்றச்சாட்டுக்கு நம் நூல்களில் விடை இருக்கிறது. நம் வீடுகளில் இல்லை. நூலில் உள்ள விடையை எத்தனை நாள் காட்டிக்கொண்டிருப்பது?

சட்டம் வேண்டுமா வேண்டாமா என்று அறிஞர்கள் வாதிடட்டும். அந்த வாதம் முடியும்வரை பிள்ளைகளின் பசி காத்திருக்காது. எகிப்தில் அரசாங்கம் கட்டாயப்படுத்திச் செய்விப்பதை நீங்கள் இன்று அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் விரும்பிச் செய்துவிடலாம்.

எப்படி எழுதுவது?

செய்ய வேண்டியது எளிது. அடக்கச் செலவும் கடனும் போக மீதியுள்ளதில் மூன்றில் ஒன்றுக்குமேல் எழுதலாகாது. மிஞ்சினால் வாரிசுகளின் சம்மதம் வேண்டும். இந்த எல்லையும் கருணையோடு வகுக்கப்பட்டதே. நோயுற்றிருந்த ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் பெரும்பகுதியை அறத்துக்கு எழுத விரும்பியபோது, மூன்றில் ஒன்றே அதிகம் என்றும், வாரிசுகளைப் பிறரிடம் கையேந்தவிடாமல் வசதியோடு விட்டுச் செல்வது மேல் என்றும் நபிகளார் அறிவுறுத்தினார்கள். மற்றப் பிள்ளைகளை வஞ்சித்துப் பேரனுக்கு எழுதச் சொல்லவில்லை என்பதை இதனால் உணர்க.

வெள்ளைத்தாளில் எழுதினாலும் செல்லும். எந்தப் பேரப்பிள்ளைக்கு, எந்தச் சொத்து, எத்தனை பங்கு என்பதைத் தெளிவாக எழுதுங்கள். நிலத்தின் சர்வே எண்ணையும் குறிப்பிடுங்கள். பங்கு பெறாத இருவரைச் சாட்சிக் கையெழுத்திடச் செய்யுங்கள். பதிவு கட்டாயமன்று, எனினும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டால் பின்னால் சச்சரவு குறையும். உயிரோடு இருக்கும்போதே கொடுத்துவிட விரும்பினால் ஹிபா இருக்கிறது. அதற்கு மூன்றில் ஒன்று என்ற வரம்பில்லை. ஆனால் சொத்தை உண்மையிலேயே ஒப்படைக்க வேண்டும். மகன் அனுப்பிய பணத்தில் உங்கள் பெயரில் வாங்கிய நிலம் இருந்தால், மகன் உயிரோடு இருக்கும்போதே அதை அவன் பெயருக்கு மாற்றிவிடுங்கள். அது கொடையன்று, அவன் பொருளை அவனிடம் திருப்புவது.

ஜமாஅத்துகளுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளை விட்டு இளவயதில் ஒருவர் மௌத்தானால், ஜனாஸாத் தொழுகைக்கு அணிவகுத்து நிற்கிறீர்கள். அடக்கம் முடிந்து நாற்பது நாள் கழிவதற்குள், நிர்வாகிகளில் இருவர் அந்தப் பாட்டனாரின் வீட்டுக்குச் செல்லுங்கள். ஆறுதல் சொல்லுங்கள். பிறகு பணிவோடு, பேரப்பிள்ளைகளுக்கு எழுதிவிட்டீர்களா என்று கேளுங்கள். எழுதத் தெரியாதவராக இருந்தால் எழுதிக் கொடுங்கள். சாட்சிக்கு ஆள் இல்லையென்றால் நீங்களே கையெழுத்திடுங்கள். நிக்காஹ் தஃப்தரைப் பாதுகாப்பது போல வஸிய்யத்தின் படி ஒன்றையும் பள்ளிவாசலில் பாதுகாத்து வையுங்கள். ஊர்க் கூட்டத்தில் பங்குத் தகராறைத் தீர்த்து வைப்பதைவிட இது சிறிய வேலை, பெரிய நன்மை.

பெரியோர்களே! பேரனைத் தோளில் ஏற்றிச் சந்தைக்குக் கூட்டிப் போங்கள். பேத்திக்கு மிட்டாய் வாங்கிக் கொடுங்கள். அண்ணலார் தம் பேரர்கள் முதுகில் ஏறியபோது ஸஜ்தாவையே நீட்டித்தவர்கள். பேத்தி உமாமாவைச் சுமந்துகொண்டு தொழுதவர்கள். அந்தப் பாசத்தை எவரும் தடுக்கவில்லை. ஆனால் உங்கள் தோள் ஒரு நாள் மண்ணுக்குள் போய்விடும். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகளைச் சுமக்கப்போவது உங்கள் கையெழுத்து ஒன்றுதான். மறுமையில் அநாதையின் வழக்கு எடுக்கப்படும்போது, எழுதும் ஆற்றல் இருந்தும் எழுதாத பாட்டனாரிடம் கேள்வி வராது என்று எண்ணிவிடாதீர்கள். தாளையும் பேனாவையும் இன்றே எடுங்கள்.